ஒகேனக்கல் தண்ணீர் ஏழு மணிச் செய்திக்கு வந்து சேரும் வழி

“ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு 25 ஆயிரம் கனஅடியாக அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை.” ஆடி மாதம் பிறந்தால் ஏதாவது ஒரு தமிழ்ச் சேனலின் மாலைச் செய்தியில் இப்படி ஒரு வரி வந்துவிடும். செம்மண் நிறத்தில் அருவி பொங்கும், போலீசார் ஆட்களைத் தடுத்து நிறுத்துவார்கள், கரையில் பரிசல்கள் கவிழ்ந்து கிடக்கும். மொத்தம் இருபது விநாடி. அதற்குள் செய்தி சேலத்துக்கோ வேலூருக்கோ போய்விடும்.

இந்த இருபது விநாடி எப்படித் தயாராகிறது? ஏன் இருபதுதான்? நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தின் வேறு எத்தனையோ விஷயங்களுக்கு அந்த இருபதுகூட ஏன் கிடைப்பதில்லை? தொலைக்காட்சி வேலையை எட்ட நின்றுகூடப் பார்த்திராதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். இதழியல் படிக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும், நம்ம ஊர் எப்போதாவது டிவியில் வராதா என்று கேட்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

காலையில் ஒரு எண்

கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி, தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. அளப்பது மத்திய நீர்வள ஆணையம். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) தர வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்தக் கணக்கும் இந்த இடத்தில்தான் பார்க்கப்படுகிறது. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால் இங்கே எண் ஏறும். அந்த எண் காலையிலேயே மாவட்டச் செய்தியாளர்களின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும்.

கனஅடி என்றால் என்ன என்பதை எந்தச் செய்தியும் நின்று விளக்குவதில்லை. ஒரு கனஅடி கிட்டத்தட்ட 28 லிட்டர். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. ஆக, 25 ஆயிரம் கனஅடி ஒரு நாள் நிலைத்து ஓடினால் இரண்டு டிஎம்சிக்குச் சற்று அதிகம். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் காவிரிச் செய்தி ஒவ்வொன்றையும் நீங்களே எடை போட்டுப் பார்க்கலாம்.

எண் மட்டும் இருந்தால் அது பத்திரிகைக்குப் போதும், தொலைக்காட்சிக்குப் போதாது. படம் வேண்டும். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 45 கிலோமீட்டர். செய்தியாளரும் ஒளிப்பதிவாளரும் போவார்கள். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே ஆள்தான், வண்டியும் அவருடையதேதான்.

அங்கே போனதும் அருவியை ஒரே மூச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சுழற்றி எடுத்தால் எடிட்டருக்கு உதவாது. தூரத்திலிருந்து முழு அருவி, கொஞ்சம் கிட்டத்தில் ஐந்தருவிப் பாறையில் மோதும் தண்ணீர், மிகக் கிட்டத்தில் பூட்டிக் கிடக்கும் நுழைவுக் கதவு. ஒவ்வொன்றையும் கேமராவை ஆட்டாமல் பத்து விநாடி பிடிக்க வேண்டும். அருவியின் இரைச்சலைத் தனியாகப் பதிவு செய்து வைப்பவர் தேர்ந்த ஆள். செய்தியில் இரண்டு விநாடி அந்தச் சத்தத்தை மட்டும் விட்டால் போதும், பார்ப்பவர் வீட்டுக்குள் ஆறு வந்துவிடும்.

பிறகு பைட், அதாவது சம்பந்தப்பட்டவர் பேசும் துண்டு. யாரிடம் மைக்கை நீட்டுவது என்பதில்தான் செய்தியாளரின் மனசு தெரியும். “குளிக்க முடியலைன்னு ஏமாற்றமா இருக்கு” என்று சொல்ல பெங்களூருவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி எளிதாகக் கிடைப்பார். தடை போட்ட நாளெல்லாம் கூலி இல்லாத பரிசல் ஓட்டியையும், அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கும் மீன் வறுக்கும் பெண்ணையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும். இவர்களுடைய பத்து விநாடி இருந்தால்தான் அது நம்ம ஊர்ச் செய்தி. இல்லாவிட்டால் சுற்றுலா அறிவிப்பு.

சென்னையில் என்ன நடக்கிறது

படங்கள் கைபேசி வழியாகவோ மடிக்கணினி வழியாகவோ சேனல் அலுவலகத்துக்குப் போகின்றன. பள்ளத்தாக்கில் சிக்னல் நலிந்திருந்தால் மேலேறி பென்னாகரம் வந்து அனுப்புவதும் உண்டு. சேனல் அலுவலகத்தில் இரண்டு மேசைகள். செய்தியை வாங்கும் மேசையை இன்புட் என்பார்கள். ஒளிபரப்புக்குத் தயார்செய்யும் மேசை அவுட்புட்.

இன்புட் மேசையில் முதல் கேள்வி, “ண்ணா, இது இன்னிக்கு எடுத்ததுதானே?” ஒகேனக்கல் வெள்ளப் படம் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். போன வருடப் படம் புதிது போல வாட்ஸ்அப்பில் சுற்றும். அதனால்தான் இந்தக் கேள்வி.

அவுட்புட்டில் உதவி ஆசிரியர் ஒருவர் எழுதுகிறார். காதுக்கு எழுதும் எழுத்து தனி வகை. பத்திரிகையில் ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் திரும்பப் படிக்கலாம். டிவியில் போனது போனதுதான். அதனால் வாக்கியம் குட்டையாக இருக்கும், எண் சுருங்கும். 24,870 என்று வந்த அளவு “சுமார் 25 ஆயிரம்” ஆகிவிடும். கையில் கிடைக்கும் எழுத்து இப்படி இருக்கும் (எண்கள் உதாரணத்துக்கு):

ஆங்கர்: ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு 25 ஆயிரம் கனஅடியாக அதிகரித்துள்ளது. அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துள்ளது.
வி.ஓ.: கர்நாடக அணைகளில் இருந்து திறக்கப்பட்ட உபரிநீர், பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லை வந்தடைந்தது. ஐந்தருவி, சினி அருவி பகுதிகளில் தண்ணீர் ஆர்ப்பரித்துக் கொட்டுகிறது.
பைட்: பரிசல் ஓட்டி, 8 விநாடி.

ஆங்கர் என்பது திரையில் தெரியும் செய்தி வாசிப்பாளர் படிக்க வேண்டிய பகுதி. வி.ஓ. என்றால் படம் ஓடும்போது பின்னால் கேட்கும் குரல். படம் தயாராக நேரமில்லை என்றால் செய்தியாளரையே தொலைபேசியில் பேசவைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் போனோ.

ரன்டவுன்

ஒரு செய்தித் தொகுப்பைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும் என்றால் அது ரன்டவுன். எந்தச் செய்தி எத்தனையாவது, எத்தனை விநாடி, எந்தப் படம், யார் பைட் என்று வரிசையாக எழுதிய பட்டியல் அது. கணினித் திரையில் மேலிருந்து கீழே ஓடும். அவுட்புட் ஆசிரியர் கடைசி நிமிடம் வரை அதை மாற்றிக்கொண்டே இருப்பார்.

அதன் கணக்கு கறாரானது. அரை மணி நேரச் செய்தி என்கிறோம். கேபிள் டிவி விதிகளின்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போகலாம்: 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். அப்படியானால் அரை மணியில் 24 நிமிடம் மிச்சம். தலைப்புச் செய்தி, இடைவேளைக்கு முன் “அடுத்து வருவது”, முடிவில் மறுபடி தலைப்பு என இவற்றைக் கழித்தால் இருபது நிமிடம் தேறும். அதில் கோட்டை, டெல்லி, நீதிமன்றம், தங்கம் விலை, வானிலை, விளையாட்டு. மிஞ்சுவதில் 38 மாவட்டங்கள்.

இப்போது அந்த இருபது விநாடி பெரிதாகத் தெரிகிறதா?

நம்ம மாவட்டச் செய்தி ரன்டவுனில் நடுவில் எங்கோ, “மாவட்டச் செய்திகள்” என்ற கொத்துக்குள் உட்காரும். சட்டமன்றத்தில் அமளி என்றாலோ பெரிய தலைவர் ஒருவர் காலமானாலோ முதலில் தூக்கப்படுவது அந்தக் கொத்துதான். செய்தி தூக்கப்பட்டது என்று செய்தியாளருக்கு யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். அவரும் வீட்டில் நம்மைப் போல டிவி முன்னால் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்வார்.

ஏழு மணிக்கு இந்தப் பட்டியல் பிசிஆர் என்கிற கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. சுவர் நிறையத் திரைகள். ஒருவர் படத்தை மாற்றுகிறார், ஒருவர் ஒலியை ஏற்றி இறக்குகிறார், ஒருவர் திரையின் கீழே வரும் பெயரையும் ஊரையும் போடுகிறார். “தருமபுரி” என்று இருக்க வேண்டிய இடத்தில் “கிருஷ்ணகிரி” என்று விழுவது இந்த மேசையில்தான். 2004 பிப்ரவரி 9 அன்றே இரண்டும் தனித்தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஒகேனக்கல் தருமபுரியில், கேஆர்பி அணை கிருஷ்ணகிரியில் என்பதை ஒரு சீட்டில் எழுதி அந்த மேசையில் ஒட்டிவைக்கலாம்.

வாசிப்பாளர் நம் கண்ணைப் பார்த்து மனப்பாடமாகப் பேசுவது போல இருக்கிறதே, அது டெலிப்ராம்ப்டர். கேமராவின் முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி. கீழேயிருக்கும் திரையின் எழுத்து அதில் பிரதிபலிக்கும். எழுத்து வாசிப்பாளருக்குத் தெரியும், கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமராவுக்குத் தெரியாது.

அங்கிருந்து சமிக்ஞை, பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்புகிறது. அதை டிடிஎச் தட்டு நேராக வாங்குகிறது, அல்லது கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை வாங்கி ஒயரில் அனுப்புகிறது. ஆக, பிலிகுண்டுலுவில் அளந்த தண்ணீர் சென்னைக்கும் விண்வெளிக்கும் போய்விட்டு பாலக்கோட்டில் ஒரு வீட்டுக் கூடத்துக்கு வருகிறது.

நேரலையில் செய்தியாளர் கேள்வி முடிந்தும் ஒரு நொடி சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்பார், பார்த்திருப்பீர்கள். பதில் தெரியாமல் நிற்கிறார் என்று நினைக்காதீர்கள். செயற்கைக்கோள் வழியாக ஒருமுறை மேலேபோய் இறங்கவே கால் விநாடி ஆகும். படத்தைச் சுருக்கி விரிக்கும் கருவிகள் இன்னும் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். கேள்வி அவர் காதுக்குப் போக ஒரு நேரம், பதில் வர ஒரு நேரம். இப்போது முதுகில் மாட்டும் பேக்பேக் கருவி வந்துவிட்டது. அதற்குள் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகள் பல இருக்கும். படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லா சிம் வழியாகவும் அனுப்பி, சென்னையில் மறுபடி கோத்துக்கொள்வார்கள். நேரலைக் கருவிகளோடு வரும் பெரிய ஓபி வேன் வர முடியாத அஞ்செட்டி மலைப்பாதையிலும் இதை வைத்து நேரலை கொடுக்கலாம், நாலு சிம்மில் ஒன்றாவது எடுத்தால்.

ரன்டவுன் கலைந்த ஒரு நாள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வெளியேறிய வெள்ளம், நிறுத்திவைத்திருந்த வாகனங்களைச் சாலையோடு இழுத்துக்கொண்டு போனது. அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. முதலில் பரவியது ஊர்க்காரர்கள் கைபேசியில் எடுத்த படங்கள்தான்.

இப்படிப்பட்ட நாளில் செய்தி மேசையின் உண்மையான வேலை சரிபார்ப்பது. வெள்ளத்தில் மிதக்கும் வண்டி உலகத்தில் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். கடைப் பெயர்ப் பலகை தமிழில் இருக்கிறதா, அதில் ஊர் பெயர் இருக்கிறதா, நம்பர் பிளேட் டிஎன் 24 என்று தொடங்குகிறதா என்று பார்ப்பார்கள். கிருஷ்ணகிரிக்கு 24, தருமபுரிக்கு 29, ஓசூருக்கு 70. பிறகு அந்த ஊர் ஆள் யாரையாவது கூப்பிட்டு “இந்த வளைவு எந்த இடம்ண்ணா?” என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை என்று காத்திருந்து கேட்ட சேனலை நான் மதிக்கிறேன். “பிரேக்கிங்” என்று சிவப்புப் பட்டை போடும் அவசரத்தில் வேறு மாநிலத்து வெள்ளத்தை நம் ஊர் வெள்ளமாக்கினால், ஊரில் உறவினர் உள்ளவர் வயிற்றில் நெருப்பைக் கட்டியது போலத்தான்.

படம் இல்லாத துயரம்

2023 மார்ச் 7 அன்று மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தப்பின. இறந்த யானைகளைச் சுற்றி அவை நின்ற காட்சி எல்லாச் சேனலிலும் ஓடியது. அது ஓட வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த வேலி ஏன் போடப்பட்டது, காட்டோரத்து விவசாயிக்குப் பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு எவ்வளவு நாளில் கிடைக்கிறது, மின்கம்பத்திலிருந்து திருட்டுத்தனமாக ஒயர் இழுப்பதை யார் கண்காணிக்கிறார்கள் என்ற கேள்விகளுக்குக் காட்சி இல்லை. காட்சி இல்லாததால் அவை ரன்டவுனில் கீழே இறங்கி, மறுநாள் காணாமல் போயின.

மாலைச் செய்தி கேட்கும் கேள்வி “இன்று என்ன நடந்தது?” என்பது. மெதுவாக நடப்பவை அந்தக் கேள்விக்குள் அடங்குவதில்லை. இரண்டு மாவட்டத்து மக்களின் பல்லையும் எலும்பையும் தலைமுறைகளாகக் கெடுத்த நிலத்தடி நீரின் ஃபுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைவிட அதிகமுள்ள தண்ணீரைக் குடித்த பிள்ளையின் பல் ஒரே நாளில் பழுப்பாவதில்லை. அதனால் அது எந்த நாளின் செய்தியும் ஆகவில்லை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு வந்தது. அடிக்கல் நாட்டிய 2008இலும் திறந்துவைத்த 2013இலும் செய்தியானது. இடைப்பட்ட நாட்களில் குடத்தோடு சாலை மறியல் செய்தால் செய்தி. அதே காவிரி அருவியில் பொங்கினால் வருடாவருடம் செய்தி. குழாயில் வராவிட்டால் யாராவது சாலையில் உட்கார வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இதில் மாவட்டச் செய்தியாளரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பகுதிநேரச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று காசு. பெட்ரோல் அவர் கையிலிருந்து. தேன்கனிக்கோட்டைக் காட்டோரக் கிராமத்துக்கு நாலு தடவை போய் ஒரு செய்தியைத் தோண்டி எடுத்தால் வரும் பணம், ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு பைட் எடுத்தால் வரும் பணத்தைவிட அதிகம் இல்லை. மேலே சேனலுக்கோ டிஆர்பி கவலை. பார்க் என்ற அமைப்பு, மாதிரிக்குத் தேர்ந்த வீடுகளில் மீட்டர் வைத்து யார் எதைப் பார்க்கிறார்கள் என்று வாரந்தோறும் சொல்கிறது. விளம்பரக்காரர் அதைப் பார்த்துத்தான் பணம் போடுகிறார். டிஆர்பி மோசடிப் புகாரையொட்டி 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களுக்கு இந்தக் கணக்கை நிறுத்தி, 2022 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கினார்கள்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது விளம்பரப் போட்டி இல்லை, சேனலும் ஒன்றுதான். 1993இல் சன் டிவி, 2011இல் புதிய தலைமுறை, அடுத்த ஆண்டு தந்தி டிவி என்று வரிசை நீண்டது. சேனல் பெருகியது போல மாவட்டத்துக்கான நிமிடங்கள் பெருகவில்லை. அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்புவது உள்ளூர் கேபிள் சேனல்கள். மாரியம்மன் திருவிழா, தக்காளி மண்டி விலை, நகராட்சிக் குழாய் வராத நேரம் எல்லாம் அதில் வரும். இவையும் பதிவு செய்துகொண்டு இயங்க வேண்டும் என்று 2022 நவம்பரில் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. பெரிய சேனல் போல மின்னவில்லை என்று அவற்றை ஒதுக்க வேண்டாம்.

முகத்தை ஏன் மறைக்கிறார்கள்

நம் பகுதியில் குழந்தைத் திருமணம் தடுக்கப்பட்ட செய்தி அடிக்கடி வருவதால் இதைச் சொல்லியாக வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், வீடு, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. மீட்கப்பட்ட குழந்தைக்கும், வழக்கில் சிக்கிய சிறாருக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதே காப்பைத் தருகிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு “இந்தக் கிராமத்து ஒன்பதாம் வகுப்பு மாணவி, தந்தை ஓட்டுநர்” என்று சொன்னால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. சின்ன ஊரில் அது போதும், தெருவுக்கே தெரிந்துவிடும். அப்படி ஒரு செய்தி கைபேசியில் வந்தால் நாமும் அனுப்பாமல் இருப்பதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி.

தப்பாக வந்த செய்திக்குப் புகார் தர வழி இருக்கிறது. 2021இல் திருத்திய கேபிள் விதிகளின்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் ஒப்புதலும் 15 நாளில் முடிவும் அவர்கள் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு, அதற்கும் மேலே மத்திய அரசுக்குப் போகலாம். சேனல் பெயர், தேதி, நேரம், என்ன தவறு என்ற நான்கும் இருந்தால்தான் புகார் நிற்கும்.

உங்கள் ஊர் விஷயம் வர வேண்டுமென்றால்

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். கலங்கிய தண்ணீர் பாட்டிலை மாலையாகப் போட்டுக்கொண்டு ஏன் வருகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். மெதுவான துயரத்துக்கு ஒரு “இன்று” கொடுக்கிறார்கள், ஒரு படமும் கொடுக்கிறார்கள். அன்று எல்லாச் சேனல் செய்தியாளர்களும் அங்கே இருப்பார்கள் என்பதும் மக்களுக்குத் தெரியும்.

மாலை போடாமலும் செய்தியாக்கலாம். குழாயில் தண்ணீர் வராத நாட்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஊராட்சியில் கொடுத்த மனுவின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஃபுளோரைடு சந்தேகம் என்றால் குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்து, அறிக்கையை வாங்கி வையுங்கள். அந்த அறிக்கை வந்த நாள்தான் உங்கள் செய்தியின் நாள். கைபேசியைப் படுக்கை வாக்கில் பிடித்து, ஆட்டாமல், ஒவ்வொரு காட்சியும் பத்து விநாடி எடுங்கள். நடுவில் நீங்கள் பேச வேண்டாம். ஊர், வார்டு, ஒன்றியம், பேச முன்வரும் ஒருவரின் எண், பதில் சொல்ல வேண்டிய அலுவலகம், இவற்றைச் சேர்த்து செய்தியாளருக்கு அனுப்புங்கள். அந்த அலுவலகத்தில் விளக்கம் கேட்க அவருக்கு நேரம் வேண்டும். அதனால் மதியத்துக்கு முன் அனுப்பினால் அன்றைக்கு ஏழு மணி ரன்டவுனில் இடம் பிடிக்க வாய்ப்புண்டு. சாயங்காலம் அனுப்பினால் மறுநாள்தான்.